எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியுடன் வீடு திரும்பிய மாமனார்: வீட்டில் எந்த அளவுக்கு முன்னெச்சரிக்கை தேவை?

கேட்டவர்: மருமகள், திருச்சி

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்துக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் மாமனாரை (வயது 74) அண்மையில் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வலப்பக்கக் கையும் காலும் அசையவில்லை. மூக்கு வழியாக உணவுக் குழாயும், சிறுநீர்க் குழாயும் பொருத்தப்பட்டிருக்கின்றன. இடுப்புக்குக் கீழே சிறிய படுக்கைப் புண் ஒன்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில், சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருப்பதாகவும், தொடுதல் மூலம் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று எவரும் எங்களுக்கு விளக்கவில்லை.

மருத்துவமனையில் அவரைத் தொடும் ஒவ்வொருவரும் மேலங்கியும் கையுறையும் அணிந்திருந்ததைப் பார்த்ததால், வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டுமோ என்று அஞ்சுகிறோம். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்த உதவியாளர் ரிப்போர்ட்டைப் படித்ததும் வேலைக்கு வர மறுத்துவிட்டார். தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், தட்டு டம்ளரைத் தனியாக வையுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆறு வயது மகள் தாத்தாவிடம் போகவேண்டும் என்று அழுகிறாள். சர்க்கரை நோயுள்ள என் மாமியார்தான் அவருக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கிறார். என் கணவர் தினமும் பலமுறை வீடு முழுவதும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறார்.

காய்ச்சல் இல்லை, ஆனால் சிறுநீர் கலங்கலாக, வாடையுடன் இருக்கிறது. கல்ச்சரை மறுபடி எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டுமா? அவரைத் தனிமைப்படுத்துவது அவசியமா? இந்தக் கிருமி மருத்துவமனையின் கவனக்குறைவால் வந்ததா என்ற கேள்வியும் எங்களை விடாமல் உறுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: தொற்றுத் தடுப்புச் செவிலியர், மதுரை

வணக்கம் சகோதரி. உங்கள் மாமனாரைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. தனித் தட்டு, தனி டம்ளர் ஆகியவையும் தேவையில்லை. வழக்கம்போல் சோப்புப் போட்டு விளக்கினால் போதும். பேத்தி தாத்தாவின் அருகில் உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், கதை சொல்லலாம். படுக்கைப் புண்ணையும் சிறுநீர்ப் பையையும் தொடாமல் இருப்பதும், அறையை விட்டு வரும்போது கை கழுவுவதும் மட்டுமே குழந்தைக்கான விதிகள். பக்கவாதம் வந்து பேச்சும் அசைவும் குறைந்திருக்கும் ஒருவருக்கு மனித அருகாமை சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால், சாத்திய கதவு அவருக்குத் தீங்கையே செய்யும்.

மருத்துவமனையில் மேலங்கி அணிவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் அச்சம் தணியும் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு செவிலியரின் கைகள் ஒரே பணிநேரத்தில் பல நோயாளிகளைத் தொடுகின்றன. அந்த நோயாளிகளில் பலருக்கு இரத்தக்குழாயிலும் மூச்சுக்குழாயிலும் சிறுநீர்ப்பையிலும் குழாய்கள் இருக்கின்றன. கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகள் குடலின் இயல்பான நுண்ணுயிர்களை அழித்து, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தீவிர நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் 100 பேரில், வசதி மிக்க நாடுகளில் 7 பேருக்கும் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதாவதொரு தொற்று ஏற்படுகிறது. மேலங்கி என்பது ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குக் கிருமி போகாமல் தடுப்பதற்கானது. உங்கள் வீட்டில் அடுத்த படுக்கை இல்லை.

கிளெப்சியெல்லா குடலில் வாழக்கூடியது. மலம், சிறுநீர், புண்ணிலிருந்து கசியும் நீர் ஆகியவற்றிலிருந்து கைகளுக்கு வந்து, கைகளிலிருந்து குழாய்களுக்கும் பொருட்களுக்கும் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலோ பேசுவதாலோ இது பரவாது. ஆகவே வீட்டில் காக்கப்பட வேண்டியவை கைகள்தாம். அவரைத் தொட்டுப் பராமரிக்கும் முன், குழாய்களைக் கையாளும் முன், புண்ணுக்குக் கட்டுப் போடும் முன், மலம், சிறுநீர், எச்சில் ஆகியவை பட நேர்ந்த பின், அறையை விட்டு வெளியே வந்த பின் ஆகிய வேளைகளில் தவறாமல் கை சுத்தம் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு, துடைப்பது வரை சேர்த்து 40 முதல் 60 விநாடிகள். இல்லையென்றால் ஆல்கஹால் சானிடைசரைக் கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி எல்லாம் நனையும்படி 20 முதல் 30 விநாடிகள் தேய்த்துக் காயவிடுங்கள். கை காயும் முன் விளக்கேற்றவோ அடுப்பருகே போகவோ கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்.

வியன்னாவின் பொது மருத்துவமனையில் 1847ஆம் ஆண்டு மே மாதம் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்து வரும் மாணவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும் என்று விதித்தார். அதற்கு முந்தைய ஏப்ரலில் அந்தப் பிரிவில் 18 விழுக்காட்டுத் தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஜூனில் அது ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. கிருமி என்பதே நிறுவப்படாத காலம் அது. பயிற்சி வகுப்புகளில் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்வதற்குக் காரணம், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வார்டுகளில் மிகக் கடினமான வேலை கை கழுவ வைப்பதுதான்.

கையுறை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டயாப்பர் மாற்றும்போதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போதும், புண்ணைச் சுத்தம் செய்யும்போதும் அணியுங்கள். உடைமீது தெறிக்கும் வாய்ப்பிருந்தால் பிளாஸ்டிக் ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். உடம்பு பிடித்துவிடவும் தலை வாரவும் கையுறை வேண்டாம். ஒரு வேலைக்கு ஒரு ஜோடி என்பதில் உறுதியாக இருங்கள். டயாப்பர் மாற்றிய அதே கையுறையுடன் கைப்பேசியை எடுப்பதும், தண்ணீர்க் குழாயைத் திருகுவதும், உணவுக் குழாயின் மூடியைத் திறப்பதும் வெறுங்கையைக் காட்டிலும் ஆபத்தானவை, ஏனென்றால் கையுறை போட்டவருக்குத் தம் கை அழுக்கானது என்ற உணர்வே வருவதில்லை. கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும்.

உங்கள் மாமியார் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் இருப்பதால் கைகளில் வெடிப்போ புண்ணோ இருந்தால் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். உணவு கொடுப்பதை அவரும், டயாப்பர், சிறுநீர்ப் பை வேலைகளை நீங்களோ உங்கள் கணவரோ பார்த்துக்கொள்வது நல்ல பிரிவினை. ஒருவரே எல்லாம் செய்ய நேர்ந்தால் முதலில் உணவுக் குழாய், அடுத்து வாய்ச் சுத்தம், பிறகு புண், கடைசியில் சிறுநீரும் மலமும் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் கை சுத்தம் செய்யுங்கள்.

ஃபினாயிலைப் பொறுத்தவரை, உங்கள் கணவரின் உழைப்பைத் தரையிலிருந்து வேறு இடத்துக்குத் திருப்பலாம். கைகள் அடிக்கடி படும் கட்டில் கம்பி, மின்விசிறி சுவிட்ச், கதவுப் பிடி, குழாய்த் திருகு, மருந்து வைக்கும் மேசை ஆகியவற்றைச் சோப்பு நீரால் தினமும் ஒருமுறை துடைத்தால் போதும். தரைக்கும் அதே ஒருமுறை போதும். மலமோ இரத்தமோ சிந்தினால், முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்துச் சோப்பு நீரால் துடைத்த பிறகே பிளீச் பயன்படுத்த வேண்டும், அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் வலுவிழந்துவிடும். 5 விழுக்காட்டுத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். சன்னல்களைத் திறந்து வைத்து, அன்றன்று கலந்ததையே பயன்படுத்துங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டுடன் பிளீச்சை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

பதில் 2: நுண்ணுயிரியல் மருத்துவர், சென்னை

மேலே செவிலியர் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். ரிப்போர்ட் பற்றியும் ஆன்டிபயாடிக் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

சிறுநீரில் கிருமி வளர்வதும் சிறுநீர்த் தொற்று இருப்பதும் ஒன்றல்ல. குழாய் போட்ட ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறத்தாழ எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். குழாயின் சுவரில் கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்வதால், மருந்து கொடுத்தாலும் குழாய் உள்ளே இருக்கும்வரை அவை முற்றிலும் போவதில்லை. எனவே காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, புதிதாகத் தோன்றும் மயக்கமோ மனக்குழப்பமோ, இரத்த அழுத்தம் சரிதல் போன்ற அறிகுறிகள் இல்லாதபோது, கலங்கல், வாடை ஆகியவற்றை மட்டும் வைத்துக் கல்ச்சர் எடுக்க வேண்டாம். எடுத்தால் கிருமி வளரும். வளர்ந்தால் யாராவது மருந்து எழுதுவார்கள். அந்த மருந்து இன்னும் கடினமான கிருமிக்கு வழிவிடும். இந்தச் சங்கிலியை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கார்பபெனெம் என்பவை மற்ற மருந்துகள் பயனளிக்காதபோது கடுமையான தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் ஊசி மருந்துகள். அவற்றைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான என்டிஎம்-1, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008இல் கண்டறியப்பட்டது; அந்தக் கிருமியும் கிளெப்சியெல்லாவே. அதற்கு அப்பால் எஞ்சியிருக்கும் மருந்துகள் மிகச் சில. அவற்றுள் கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மற்றவை விலை மிகுந்தவை. 74 வயதுள்ள ஒருவருக்குத் தேவையில்லாத நாளில் அவற்றைக் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கைவிரிக்கும் நிலை வரக்கூடாது.

மேற்சொன்ன அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் குழாய் என்றால் அதை அகற்றிவிட்டு, குழாய் இன்னும் தேவைப்படுமானால் புதியதைப் போட்டு அதிலிருந்தே மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். பையில் தேங்கிய சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுப்பதில் பொருளில்லை.

கவனக்குறைவா என்ற கேள்விக்கு, ஒரு ரிப்போர்ட்டை வைத்து நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இத்தகைய கிருமி சேர்க்கப்படும்போதே குடலில் இருந்திருக்கலாம்; அங்கேயும் வந்திருக்கலாம். ஆனால் மருத்துவமனைத் தொற்றுகள் தவிர்க்க முடியாதவை என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கை கழுவுதல், இரத்தக்குழாய்க்குள் குழாய் செருகும்போது முழுத் தடுப்பு உடை, குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோல் துடைத்தல், தொடை இரத்தக்குழாயைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் என்ற ஐந்தை விடாமல் பின்பற்றியதன் மூலம் அந்தக் குழாய் சார்ந்த இரத்தத் தொற்றுகள் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தன. இது 2006இல் வெளியான ஆய்வு. இந்தியாவிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2020இல் தேசியத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக் குழு இருக்கிறதா, இந்தக் கிருமி அவர்கள் கணக்கில் ஏறியதா என்று எழுத்தில் கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு. அடுத்த நோயாளிக்கு அது உதவும்.

இன்னொன்று: குடலில் இந்தக் கிருமி பல மாதங்கள் தங்கலாம். அதை விரட்டுவதற்கென்று மருந்து ஏதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆனால் அவரை எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாலும், பதிவு செய்யும் மேசையிலேயே இந்த ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள்.

பதில் 3: வீட்டுவழி நோய்த்தணிப்புச் செவிலியர், திருநெல்வேலி

வணக்கம் அம்மா. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று படுக்கை நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை. வீட்டில் தவறு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

சிறுநீர்ப் பையைத் தூக்கி மெத்தைமேல் வைத்துக்கொண்டு நோயாளியைப் புரட்டுவது நான் அதிகம் காணும் தவறு. பையிலுள்ள பழைய சிறுநீர் குழாய் வழியே ஏறி, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பைக்கே திரும்பிவிடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. தாழ்வான கட்டிலாக இருந்தால் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். குழாய் மடங்கவோ உடலுக்கு அடியில் நசுங்கவோ கூடாது. இழுபடாமல் தொடையில் ஒட்டி வைக்க வேண்டும். பை முக்கால் பங்கு நிறையும்வரை காத்திராமல், அதற்கென்றே ஒதுக்கிய குவளையில், பையின் வாய் குவளையைத் தொடாதபடி காலி செய்யுங்கள். குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைக் காரணமின்றிப் பிரிக்க வேண்டாம். பிறப்புறுப்பைச் சுற்றித் தினமும் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால் தண்ணீர் அந்தத் தோலை எரித்துப் புண்ணாக்கும். அடைப்பு ஏதும் இல்லாதபோது குழாய்க்குள் மருந்து நீர் ஏற்றிக் கழுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி, கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். கஞ்சியோ கூழோ அவ்வப்போது தயாரித்ததாக இருக்கட்டும். வெளியில் இரண்டு மணி நேரம் கிடந்ததைக் கொடுக்க வேண்டாம். வாயால் சாப்பிடாதவருக்கும் பல் துலக்க வேண்டும். இதைப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். வாயில் பெருகும் கிருமி எச்சிலுடன் நுரையீரலுக்குள் இறங்கித்தான் படுக்கை நோயாளிகளுக்கு நிமோனியா வருகிறது. பக்கவாத நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் சிறுநீர்க் கிருமியைவிட இதற்கே அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. விழுங்கச் சிரமப்படுவதால், தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஈரமான மென்தூரிகையால் செய்யுங்கள்.

துணிகளை உதறாமல் எடுத்து, மலம் பட்டிருந்தால் அதை அகற்றி, சுடுநீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். டயாப்பரையும் கட்டுத்துணியையும் காகிதத்தில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் மற்ற குப்பையுடன் கலக்காமல் தனியாகக் கொடுங்கள். சர்க்கரைக்கு வீட்டில் இன்சுலின் ஊசி போடுவதாக இருந்தால் அந்த ஊசிகளைக் கெட்டியான மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். குப்பைக்குள் கிடக்கும் ஊசி, அதைப் பிரித்தெடுக்கும் பெண்களின் விரலில் ஏறுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கை நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அளிக்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். புண்ணை நேரில் பார்த்துக் கட்டுப் போடும் முறையைக் கற்றுக்கொடுப்பார்கள். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை விடாதீர்கள்.

மருமகள், திருச்சி:

மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதவைத் திறந்துவிட்டோம், மகள் தாத்தாவுடன் இருக்கிறாள். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சிறுநீர்க் குழாய் எத்தனை நாளைக்கு இருக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கும் இல்லை. வர மறுத்த உதவியாளரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில் 4: தொற்றுத் தடுப்புச் செவிலியர், மதுரை

சகோதரி, இந்தத் திரி முழுவதிலும் மிக முக்கியமான கேள்வியை இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி சிறுநீர் அளவைக் கணக்கிடுவதற்காகப் போட்ட குழாய், அந்தத் தேவை முடிந்த பிறகும் மறக்கப்பட்டு நோயாளியுடன் வீட்டுக்கே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே தொலைபேசியில், ‘இந்தக் குழாய் இன்னும் எதற்காக இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பக்கவாதத்தால் சிறுநீர் வெளியேறாமல் தேங்கும் நிலையோ, ஆழமான படுக்கைப் புண் சிறுநீரில் நனையும் நிலையோ இருந்தால் குழாயை வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. புண் சிறியது என்கிறீர்கள். ஆகவே எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆண்களுக்கு ஆணுறை போல வெளியில் பொருத்தும் காண்டம் கதீட்டர் உண்டு. அது சிறுநீர்ப்பைக்குள் போவதில்லை.

குழாயை நீங்களே எடுக்க வேண்டாம். செவிலியர் எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்கிறாரா என்று பாருங்கள். கழிக்காமல் அடிவயிறு புடைத்தாலோ வலித்தாலோ தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். குழாய் தொடர வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால், அதற்கான காரணத்தையும், போட்ட தேதியையும், மாற்ற வேண்டிய தேதியையும் எழுதி வாங்கிக் கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டி வையுங்கள்.

உதவியாளரின் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் அவருக்கும் யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். இத்தகைய கிருமிகளைக் குடலில் சுமப்பவர்களில் மிகப் பலருக்குப் பரிசோதனையே செய்யப்படுவதில்லை. அவர் இதற்குமுன் பார்த்துக்கொண்ட நோயாளிகளில் சிலரிடமும் இது இருந்திருக்கலாம். ஆகவே இங்கே சொன்ன கை சுத்தமும் கையுறை முறையும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துபவை. உங்கள் வீட்டில் ரிப்போர்ட் கையில் இருப்பது ஒன்றுதான் வேறுபாடு. கையுறை, ஏப்ரன், சானிடைசர் ஆகியவற்றை நீங்களே வாங்கி அறை வாசலில் வைத்துவிட்டு, ஒருநாள் உங்களுடன் சேர்ந்து வேலை செய்ய அழையுங்கள். அவர் வேறொரு வீட்டு நோயாளியையும் பார்ப்பவராக இருந்தால், உங்கள் வீட்டில் அணியும் உடையை இங்கேயே மாற்றி, முழங்கை வரை கழுவிவிட்டுப் போகும்படி சொல்லுங்கள்.